மஞ்ச வண்டியா, நம்பர் பிளேட் கிரிக்கெட்டா: பின்சீட்டுக்கு எந்த ஆட்டம் தோது?

மச்சினன் கார் புக் பண்ணியிருக்கிறான், டெலிவரி அடுத்த மாதம். ஷோரூமில் கொடுத்த கூடுதல் சாமான் பட்டியலை எனக்கு வாட்சப்பில் அனுப்பி, அதில் ஒரு வரியை மட்டும் வட்டம் போட்டிருந்தான். முன்சீட்டின் முதுகில் மாட்டுகிற திரை, பிள்ளைக்கு ஒன்று வீதம் இரண்டு. "ஏனுங்க மாமா, இத மாட்டீட்டா கோயமுத்தூர்ல ஏறுனா சங்ககிரி வரைக்கும் சத்தமே வராதுங்கல்ல?"

சத்தம் வராது, வாந்தி வரும். அவனுடைய சின்னவனுக்கு நாலரை வயசு, ஓடுகிற வண்டியில் அரை மணி நேரம் போனைப் பார்த்தால் போதும், பிளாஸ்டிக் கவர் தேட வேண்டியதுதான். கண் ஆடாத திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும், காதுக்குள் இருக்கிற சமநிலை உறுப்போ வண்டி ஓடுகிறது, வளைகிறது என்று சொல்லிக்கொண்டிருக்கும், இரண்டும் ஒத்துப்போகாததால் வருகிற கிறுகிறுப்பு அது. ஜன்னல் வழியாகத் தூரத்தில் பார்க்கிற பிள்ளைக்கு அந்தத் தொல்லை குறைவு. அதனால் திரை வேண்டாம் மாப்ள, வெளியே பார்க்க வைக்கிற மாதிரி ஏதாவது வண்டி எண்ணுகிற ஆட்டம் பழக்கிவிடு என்றேன். "எந்த ஆட்டமுங்க?" என்று கேட்டான். அதற்குப் போனில் பதில் சொல்லி மாளாது என்று தோன்றியதால்தான் இங்கே எழுதுகிறேன், அவனைப் போல இன்னும் நாலு பேர் இருப்பார்கள்.

எங்கள் வீட்டில் பெரியவளுக்கு 11, சின்னவனுக்கு 7. மாதம் ஒரு தடவையாவது பீளமேட்டில் கிளம்பி என்எச் 544-ல் சங்ககிரிக்குப் பக்கத்தில் அப்புச்சி வீட்டுக்குப் போகிறோம் (அதே வீடுதான் மச்சினன் பிள்ளைகளுக்கு அப்பாரு வீடு). நோம்பி என்றால் திருச்சி ரோட்டில் சூலூர், பல்லடம் தாண்டிக் காங்கேயம் பக்கம் என் அப்பா ஊர். கோடை லீவில் ஒரு தடவை மேட்டுப்பாளையம் வழியாக மலை. மூன்று வழியிலும் எல்லா ஆட்டத்தையும் ஆடிப் பார்த்தாகிவிட்டது. ஒரு வழியில் தூள் கிளப்புகிற ஆட்டம் இன்னொரு வழியில் பத்து நிமிஷத்தில் படுத்துவிடுகிறது, அக்கா ஜெயிக்கிற ஆட்டத்தில் தம்பி அழுகிறான், இரண்டு பேரும் குஷியாக ஆடுகிற ஆட்டத்தில் ஓட்டுகிறவன் காது போகிறது. இந்த மூன்றும் ஒத்துவருவதுதான் கஷ்டம்.

முதலில் வேண்டாத ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன்: குத்து விளையாட்டு. அமெரிக்காவில் இருந்து லீவுக்கு வந்த பங்காளி வீட்டுப் பையன் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனது. அங்கே ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரை யார் முதலில் பார்க்கிறார்களோ அவர்கள் பக்கத்தில் இருப்பவரின் தோளில் ஒரு குத்து விடலாம், திருப்பிக் குத்தக் கூடாது. அந்த ஊருக்கு அது சரிதான். பழைய பீட்டில் மட்டுமே உலகம் பூராவும் 2 கோடிக்கு மேல் விற்றிருக்கிறது, 2003 வரைக்கும் மெக்சிகோவில் செய்துகொண்டிருந்தார்கள், புது வடிவமும் 2019-ல் நின்றுவிட்டது என்றாலும் ரோட்டில் இன்னும் மிச்சம் இருக்கும். நம்மூரில் பீட்டிலுக்காகக் காத்திருந்தால் பிள்ளைக்குக் கல்யாண வயசு வந்துவிடும். அதனால் எங்கள் வீட்டில் அதைப் பிரிட்டன் பிள்ளைகள் ஆடுகிற மாதிரி மஞ்சள் வண்டி என்று மாற்றிக்கொண்டார்கள். அங்கே மஞ்சள் கார் அபூர்வம். இங்கே ஆட்டோ மஞ்சள், ஸ்கூல் பஸ் மஞ்சள், காலேஜ் பஸ் மஞ்சள், ஜேசிபி மஞ்சள். நீலாம்பூருக்கும் அவிநாசிக்கும் நடுவில் எத்தனை காலேஜ் இருக்கிறது என்று தெரியும்தானே, காலை எட்டரை மணிக்கு அந்த வழியாகப் போனபோது கருமத்தம்பட்டி தாண்டுவதற்குள் 19 குத்து விழுந்திருந்தது, அதில் 16 தம்பி வாங்கியது.

அவன் கணக்குத் தீர்த்தது திரும்பி வரும்போது. அம்மிச்சி உருக்கிக் கொடுத்த நெய்யைத் தூக்குப்போசியில் ஊற்றி, மூடி இறுகவில்லை என்று ஒரு மஞ்சப்பையில் வைத்துப் பெரியவள் மடியில் கொடுத்திருந்தோம். விஜயமங்கலம் டோல்கேட்டில் வரிசையில் நிற்கிறோம், முன்னால் ஒரு டிரெய்லரில் ஜேசிபி ஏற்றிக்கொண்டு போகிறான். "மஞ்ச வண்டி!" தோளுக்கு விட்ட குத்து போசிக்கு விழுந்தது. அரை லிட்டர் நெய் சீட்டு மடிப்புக்குள், பெல்ட் கொக்கிக்குள், கால்மிதிக்குள். மூன்று மாதம், வெயிலில் நிறுத்திய வண்டிக் கதவைத் திறந்தால் கல்யாண வீட்டுச் சமையல்கட்டு மாதிரி வாசம் அடிக்கும். சின்னதாகக் குத்துங்கள், குத்துக்குப் பதில் கிள்ளுங்கள் என்று சட்டத்திருத்தம் எல்லாம் செய்து பார்த்தோம், கைபடுகிற ஆட்டம் எதுவும் கடைசியில் அழுகையில்தான் போய் நிற்கிறது. மச்சினன் பிள்ளைகளுக்கு அஞ்சு வயசு வித்தியாசம், சொல்லவே வேண்டாம்.

குத்து இல்லாமல், அபூர்வ வண்டியைத் தேடுகிற ஆட்டமாக மட்டும் ஆடலாம். அப்படியானால் நம்ம ஊர் பீட்டில் அம்பாசடர்தான். 2014-ல் உற்பத்தி நின்றுபோனது, அதே வருஷம் மாருதி 800-ம் நின்றது, ஆம்னி வேன் 2019 வரை வந்தது. அம்பாசடருக்கு 20 புள்ளி, 800-க்கு 5, ஆம்னிக்கு 2 என்று வைத்துக்கொண்டோம். ஆம்னியைப் பார்த்தால் புள்ளி சொல்வதற்குப் பதில் "கடத்தல் வண்டி!" என்று கத்த வேண்டும் என்பது சின்னவன் சேர்த்த விதி, சினிமா பார்க்கிற பிள்ளை. ஒருமுறை அவிநாசி ரோட்டில் இருக்கிற ஜீடி கார் மியூசியத்துக்குக் கூட்டிப்போய்விட்டு வந்த பிறகு பழைய வண்டிகள் மேல் இரண்டு பேருக்கும் ஒரு மரியாதை வந்திருக்கிறது. ஆனாலும் இது பக்கத்து ஆட்டம்தான். சங்ககிரி வரைக்கும் 120 கிலோமீட்டர் சொச்சத்தில் ஓர் அம்பாசடர்கூடக் கண்ணில் படாத நாள் உண்டு. வேறு ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது இதைச் சும்மா பின்னால் வைத்துக்கொள்ளலாம், இதை மட்டுமே நம்பிக் கிளம்பக் கூடாது.

ஆளுக்கொரு நிறம் எடுத்துக்கொண்டு யாருக்கு முதலில் 25 சேருகிறது என்கிற ஆட்டம் பலருக்குத் தெரியும். வெள்ளை எடுத்தவர் ஜெயித்தார், கதை முடிந்தது. வெள்ளையை யாரும் எடுக்கக் கூடாது என்று விதி போட்டால் நாலு வயசுப் பிள்ளைக்கு ஓரளவு ஓடும், எட்டு வயசுக்கு மேல் ஓடாது.

சரி, நான் முதல் இடம் கொடுக்கிற ஆட்டத்துக்கு வருகிறேன். நம்பர் பிளேட் கிரிக்கெட். ஸ்கூலில் புத்தகத்தைப் பிரித்துப் பக்க எண்ணின் கடைசி இலக்கத்தை ரன்னாக எடுத்துக்கொண்டு ஆடுவோமே, புக் கிரிக்கெட், அதேதான். நாம் முந்துகிற வண்டி, நம்மை முந்துகிற வண்டி, இரண்டும் பந்து. நம்பரின் கடைசி இலக்கம் ரன். பூஜ்யம் வந்தால் அவுட், மட்டை அடுத்த ஆளுக்கு. நடுவில் தடுப்புச் சுவர் இருக்கிற ரோட்டில் எதிரே வருகிற வண்டியின் நம்பரைப் படிக்க முடியாது, அதனால் அது கணக்கில் இல்லை.

இதில் எனக்குப் பிடித்தது, திறமைக்கு இடமே இல்லை என்பது. அக்காவுக்குப் பதினொன்று, தம்பிக்கு ஏழு என்றாலும் பிளேட்டுக்கு அது தெரியாது. யார் முதலில் கத்துவது என்கிற போட்டி இல்லாததால் சத்தமும் பாதி. பத்து எண் அடையாளம் தெரிந்தால் போதும், யூகேஜி பிள்ளையும் ஆடலாம், 6-க்கும் 9-க்கும் மட்டும் கொஞ்ச நாள் தகராறு வரும். பெரியவளுக்கு இதிலேயே கணக்கும் ஒளிந்திருக்கிறது. பத்து வண்டிக்கு ஒன்று பூஜ்யத்தில் முடியும் என்று வைத்துக்கொண்டால், சராசரியாக 9 வண்டி ஆடிய பிறகுதான் அவுட், 1-லிருந்து 9 வரைக்கும் சராசரி 5, ஆக ஒரு இன்னிங்ஸுக்கு 45 ரன். அவள் நோட்டில் எழுதி வைத்திருக்கிற 31 இன்னிங்ஸைக் கூட்டி வகுத்துப் பார்த்ததில் 43 சொச்சம் வந்தது, அன்றைக்கு எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. நேரம் குறைவு என்றால் ஆளுக்கு ஆறு பந்து ஓவர் வைத்துக்கொள்ளலாம். ஆறு பந்தும் அவுட் ஆகாமல் தப்பிக்க 53 சதவீத வாய்ப்பு, கிட்டத்தட்ட பூவா தலையா மாதிரி.

குறை இல்லாமல் இல்லை. போன தை மாதம் சின்னவன் 96-ல் ஆடிக்கொண்டிருந்தான், பெருந்துறை தாண்டியிருந்தோம். முன்னால் நாமக்கல் கேஸ் டேங்கர் ஒன்று நிதானமாகப் போகிறது. நான் இண்டிகேட்டர் போட்டுவிட்டேன். பின்னாலிருந்து தழுதழுத்த குரலில், "அப்பா, அந்த டேங்கர முந்தாதீங்கப்பா, கடைசில ஜீரோங்கப்பா." சரி பாவம், செஞ்சுரி அடிக்கட்டும் என்று டேங்கருக்குப் பின்னாலேயே 50-ல் உருட்டினேன். எங்களை முந்திப் போகிற முதல் வண்டி 4 அல்லது அதற்கு மேல் என்றால் சதம். வலது பக்கம் ஒரு கார் வந்தது, அதன் பிளேட்டில் சேறு அப்பியிருந்தது, செல்லாது என்றாள் அக்கா. அடுத்தது ஒரு பஸ், 2. அடுத்தது 1. சித்தோடு வரைக்கும் இப்படியே வந்தோம், என் மனைவி திரும்பிப் பார்த்து, "ஏனுங்க, வண்டி ஏதாச்சும் மக்கர் பண்ணுதா?" என்றாள். 99-ல் நிற்கும்போது அந்த டேங்கர் டீக்கடை ஓரம் ஒதுங்கி நின்றுவிட்டது. நின்ற வண்டியைத் தாண்டினால் அது முந்தியதாகுமா? இன்றைக்கு வரைக்கும் தீர்ப்பு வராத வழக்கு அது.

அந்த நாளுக்குப் பிறகு இரண்டு விதி சேர்த்தோம். ஓட்டுகிறவன் ஆட்டத்தில் இல்லை, அவனிடம் வேகமாகப் போ, மெதுவாகப் போ என்று கேட்கக் கூடாது. அம்பயர் இடது பக்க முன்சீட்டில் இருப்பவர்தான். ஆரம்பத்தில் சந்தேகம் வந்தால் என்னைப் படிக்கச் சொல்வார்கள், நானும் கண்ணாடியில் எட்டிப் பார்ப்பேன், நினைத்தால் இப்போது திக்கென்கிறது. பிளேட் தெளிவாகத் தெரியாத வண்டி கணக்கில் இல்லை என்பதும் விதிதான், ஆனால் 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டியில் எல்லாம் ஒரே மாதிரி எழுத்தில் உயர்பாதுகாப்பு பிளேட் இருப்பதால் அந்தச் சண்டை குறைந்துகொண்டே வருகிறது. முருகன் வேல், கட்சிக் கொடி, சாய்ந்த எழுத்து, இதெல்லாம் பழைய பைக்கிலும் எக்ஸெல்லிலும்தான் மிச்சம். பைக்கை நாங்கள் சேர்ப்பதில்லை, ஊருக்குள் பைக்கைச் சேர்த்தால் நிமிஷத்துக்கு நாலு பேர் அவுட் ஆவார்கள்.

இதற்கு அடுத்தபடி ஊர் எண் சேர்ப்பது. என் சொந்த விருப்பம் என்று கேட்டால் உண்மையில் இதுதான் முதல், ஆனால் சின்னப் பிள்ளைகளுக்கு ஆகாது என்பதால் இரண்டாவதாகச் சொல்கிறேன். டிஎன் என்பதற்குப் பின்னால் வருகிற இரண்டு இலக்கம் எந்த ஆர்டிஓ ஆபீஸ் என்று சொல்லும். கோயமுத்தூருக்கு 37, 38, 66, 99 என்று நாலு. கிளம்பும்போது கண்ணில் படுவதெல்லாம் இவைதான். அவிநாசி நெருங்க நெருங்கத் திருப்பூரின் 39, 42 கூடும். பெருந்துறையில் 56. சித்தோடு, பவானி பக்கம் ஈரோட்டின் 33, 86, நடுவில் கோபியிலிருந்து வந்த ஒரு 36. காவிரிப் பாலம் தாண்டிக் குமாரபாளையம் போனால் நாமக்கல் மாவட்டம், திருச்செங்கோட்டு 34, நாமக்கல்லின் 28, 88. அப்புறம் முதல் 52 கண்ணில் பட்டால் சங்ககிரி வந்துவிட்டது என்று அர்த்தம், "வந்தாச்சா, வந்தாச்சா" என்று கேட்கிற வேலை இல்லை. என் பெண் மேப் பார்த்துப் படித்ததைவிட இதில் படித்த பூகோளம்தான் அதிகம்.

புள்ளிக் கணக்கு எங்கள் வீட்டில் இப்படி. போகிற வழியில் இருக்கிற ஊர் எண் 1, தமிழ்நாட்டின் மற்ற ஊர் 2, கேஎல், கேஏ 3, அதற்கு வடக்கே எதுவானாலும் 5. இந்த ரோடு பாலக்காடு வழியாகக் கொச்சிக்குப் போவதால் கேரளா வண்டிக்குப் பஞ்சமே இல்லை, பாலக்காட்டு 09-ம் திருச்சூர் 08-ம் வந்துகொண்டே இருக்கும், கேரள அரசு பஸ் என்றால் எந்த டிப்போவானாலும் எண் 15தான். 3 புள்ளி அதிகம் என்று பெரியவள் இப்போது திருத்தம் கேட்கிறாள். நாகாலாந்து, அருணாச்சல் எண்ணுக்கு முதலில் 10 வைத்திருந்தோம், பார்த்தால் ராத்திரி ஆம்னி பஸ்ஸில் பாதி என்எல். இவ்வளவு தூரம் நாகாலாந்திலிருந்து யாருப்பா வர்றாங்க என்று சின்னவன் கேட்டான். யாரும் வரவில்லை கண்ணு, அங்கே பதிவு பண்ணினால் வரி கம்மி, வண்டி ஓடுவதெல்லாம் இங்கேதான் என்றேன். 2024-ல் அரசு கெடுபிடி செய்த பிறகு அது குறைந்திருக்கிறது, ஆட்டத்துக்குத்தான் நஷ்டம். பிஎச் என்று வருவது 2021-ல் வந்த பாரத் வரிசை, அதில் மாநிலமே கிடையாது, முதலில் வருஷம், அப்புறம் பிஎச், அதற்கு 5. டிஎன் எண்ணுக்குப் பின்னால் 'என்' எழுத்து வந்தால் அரசு பஸ், 'ஜி' வந்தால் அரசாங்க வண்டி. சூலூர் வழியாகப் போகிறவர்களுக்கு மட்டும் ஒரு போனஸ் உண்டு, விமானப்படைத் தளம் இருப்பதால் மேல்நோக்கிய அம்புக்குறி போட்ட ராணுவ பிளேட் கண்ணில் படும். அதற்கு 15 புள்ளி, அதோடு விறைப்பாக ஒரு சல்யூட்டும் வைக்க வேண்டும்.

கஷ்டம் என்னவென்றால் எந்த எண் எந்த ஊர் என்று மனப்பாடமாக இருக்கிற பிள்ளைதான் ஜெயிக்கும். எதிரெதிராக ஆடினால் அக்கா தம்பியை நசுக்கிவிடுவாள். அதனால் நாங்கள் சேர்ந்து ஆடுகிறோம், நாலு பேரும் ஒரு கட்சி, போன தடவை சேர்த்த 41 எண்ணை இந்தத் தடவை தாண்ட வேண்டும். யூகேஜி பிள்ளை இருக்கிற வண்டியில் அதுவும் கஷ்டம்தான், இரண்டு இலக்கம் படிக்கத் தெரியும் வரைக்கும் பொறுக்க வேண்டும்.

இந்த இரண்டுமே வண்டி நிறைய ஓடுகிற ரோட்டுக்குத்தான். காங்கேயம் பக்கம் ஊருக்குப் பிரிகிற ரோட்டில் ஆடிப் பாருங்கள், அரை மணி நேரத்துக்கு ஓர் ஓவர் முடியாது. அந்த வழிக்கு லோடு ஆட்டம். எதிரே வருகிற லாரியிலும் குட்டி யானையிலும் என்ன ஏற்றியிருக்கிறது, எங்கே போகிறது, இரண்டையும் சொல்ல வேண்டும். தார்ப்பாய் மூடியிருந்தால் யூகம்தான். அந்த ஊர்ப் பக்கம் இதற்குத் தீனி நிறைய. பல்லடம் சுற்றி வட்டாரத்தில் கூண்டு கூண்டாகக் கறிக்கோழி, காற்றடித்தால் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். நூல் மூட்டை, பனியன் துணி உருளை எல்லாம் திருப்பூருக்கு. அங்கிருந்து கன்டெய்னர் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு. லாரி அகலத்துக்கு இரண்டு பக்கமும் பிதுங்கிக்கொண்டு வருவது தேங்காய் மட்டை, மூட்டையாகக் கட்டியிருந்தால் காங்கேயம் களத்தில் காய்ந்த தேங்காப்பருப்பு, எண்ணெய் மில்லுக்குப் போகும். ஒன்றின் பின்னால் ஒன்றாக இரண்டு லாரி இரும்புக் குழாயும் இயந்திரமுமாக வந்தால் போர்வெல் வண்டி, நம்பரைப் பார்க்காமலே திருச்செங்கோடு என்று சொல்லிவிடலாம். காற்றாலை இறக்கையை ஏற்றிக்கொண்டு போகிற நீளமான டிரெய்லருக்கு 25 புள்ளி, அதைப் பார்த்துவிட்டால் அன்றைக்கு ஆட்டமே நின்றுவிடும், அது வளைவில் திரும்புவதை வாயைப் பிளந்துகொண்டு நாங்களும் பார்ப்போம், டீக்கடையில் இருப்பவர்களும் எழுந்து வந்து பார்ப்பார்கள்.

இதில் எங்கள் அப்பாவை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. தார்ப்பாய் இழுத்துக் கட்டிய ஒரு பெரிய லாரி வந்தபோது பெரியவள் அரிசி மூட்டை, சின்னவன் மாட்டுத் தீவனம் என்றார்கள். அப்பா முன்சீட்டில் இருந்து, "ரெண்டும் இல்ல கண்ணு. நடுச்சக்கரத்தப் பாரு, தரையிலயே படல. காலி வண்டி" என்றார். லோடு இல்லாதபோது டயர் தேயாமல் இருக்க ஒரு ஜோடிச் சக்கரத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள், எனக்கே அதுவரை கவனத்தில் இல்லை. அன்றிலிருந்து பிள்ளைகள் லாரியைப் பார்த்தால் முதலில் சக்கரத்தைத்தான் பார்க்கிறார்கள். வயசு வித்தியாசம் இதில் ஒரு பொருட்டே இல்லை, நாலு வயசுப் பிள்ளை "கோழி!" என்று சொன்னாலும் புள்ளி உண்டு. குறை ஒன்றுதான், சரியா தப்பா என்று பாதி நேரம் தெரியாது, தார்ப்பாயைத் தூக்கியா பார்க்க முடியும். முடிவு தெரியாத ஆட்டத்தைப் பெரியவர்கள் ரசிக்கிற அளவுக்குச் சில பிள்ளைகள் ரசிப்பதில்லை.

மலை ஏறும்போது இதில் எதுவுமே வேண்டாம். பக்கத்து வண்டியின் சின்ன எழுத்தை வளைவில் உற்றுப் பார்ப்பதும் போனைப் பார்ப்பதும் வயிற்றுக்கு ஒன்றுதான். கல்லாறிலிருந்து குன்னூர் வரைக்கும் 14 கொண்டை ஊசி வளைவு, பலகையில் எண் போட்டிருப்பார்கள், அதை எண்ணிக்கொண்டு போனால் போதும். சத்தியமங்கலத்திலிருந்து மைசூர் போகிறவர்களுக்குத் திம்பத்தில் 27. எண்ணிக்கை தெரிந்த பிள்ளை இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்காது, நடுவில் லாரி ஏதாவது திணறி நின்றுவிட்டால் மட்டும் 19-ம் வளைவிலேயே அரை மணி நேரம் கதை சொல்ல வேண்டியிருக்கும். ராத்திரிக்கும் தனி. பிளேட் தெரியாது, அப்போது ஒரு ஹெட்லைட் மட்டும் எரிகிற வண்டியைத் தேடுகிறார்கள், சின்னவன் வைத்த பெயர் ஒத்தைக்கண்ணன். பைக்கா லாரியா என்று பக்கத்தில் வரும் வரை தெரியாமல் இருப்பதுதான் அதில் சுவாரசியம். எப்படியும் பவானி வருவதற்குள் தூங்கிவிடுவார்கள்.

எந்த ஆட்டமானாலும் பெல்ட்டைக் கழற்றிவிட்டு இரண்டு சீட்டுக்கும் நடுவில் எட்டிப் பார்க்கிற வேலை கூடாது. 14 வயசுக்குக் கீழே பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் போனால் 1,000 ரூபாய் அபராதம் என்று 2019 திருத்தத்தில் சட்டமே இருக்கிறது. எட்டிப் பார்த்துச் சொன்ன ரன் செல்லாது என்று எங்கள் வீட்டில் ஒரு விதி இருக்கிறது, அபராதத்தைவிட அதற்குத்தான் அதிகம் பயப்படுகிறார்கள்.

ஆக மச்சினனுக்குச் சொன்னது இதுதான். பெரியவளுக்கு ஒன்பதரை வயசும் சின்னவனுக்கு நாலரையும் இருக்கிற வண்டியில், 544-ல் போகும்போது கணியூர் டோல்கேட் தாண்டியதும் நம்பர் பிளேட் கிரிக்கெட், அதுவும் ஆறு பந்து ஓவராக, இழுத்துக்கொண்டு போகாமல். பெருந்துறையில் டீ. அதற்குப் பிறகு சின்னவன் தூங்கிவிட்டால் பெரியவளுக்கு மட்டும் ஊர் எண், அவள் நோட்டும் பேனாவும் எடுத்துக்கொள்ளட்டும், ஆனால் குனிந்து நிறைய எழுதச் சொல்லாதே. நெடுஞ்சாலை விட்டு இறங்கினால் லோடு. உங்கள் வீட்டில் ஒரே பிள்ளை என்றால் நான் நேராக ஊர் எண்ணுக்கே போயிருப்பேன். இரண்டு பேரும் பத்து வயசுக்கு மேல், வயசும் அடுத்தடுத்து என்றால் கிரிக்கெட் சலித்துப்போகும், அபூர்வ வண்டி ஆட்டத்தைக்கூட அவர்கள் தாங்குவார்கள். குத்து விளையாட்டு மட்டும் யாருக்கும் கிடையாது, மீறி ஆடுவதானால் நெய்ப்போசியை டிக்கியில் வையுங்கள்.

திரை இரண்டையும் பட்டியலில் அடித்துவிட்டான். போன ஞாயிற்றுக்கிழமை என் வண்டியிலேயே அவன் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு கருமத்தம்பட்டி வரைக்கும் ஒரு பயிற்சி ஆட்டம் வேறு நடந்தது, அவன் சின்னவன் 38 எடுத்து அக்காவை ஜெயித்தான். இப்போது வேறொரு சிக்கல் கிளம்பியிருக்கிறது. புது வண்டிக்கு நம்பர் எடுக்க வேண்டும். அத்தைக்கு, அதாவது அவன் அம்மாவுக்கு, கூட்டுத்தொகை 8 வரவே கூடாது. பிள்ளைகளுக்குக் கடைசி இலக்கம் பூஜ்யம் வரவே கூடாது, நம்மள முந்துறவங்க பூரா அவுட் ஆயிருவாங்களாம். சின்னவன் 9 கேட்கிறான், அல்லது 6, எது என்று அவனுக்கே சரியாகத் தெரியவில்லை. நேற்று ராத்திரி போன் பண்ணி, "மாமா, ஃபேன்ஸி நம்பருக்கு எவ்வளவுங்க கேப்பாங்க?" என்றான்.